அண்ணையின் உதைபந்துக் கடிதங்கள்

லண்டனுக்கென்று ஒரு தொழில்முறை அமெரிக்க உதைபந்தாட்ட அணி தொடங்குகிறார்கள் என்ற செய்தியை எங்கள் லூயிஷாம் அறையில் ஒருவரும் சட்டைசெய்யவில்லை. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு இளவேனில் அது. எனக்கு மட்டும் அது வேலையாக வாய்த்தது. ஆட்ட நாட்களில் வெம்பிளி மைதானத்தின் படிக்கட்டில் மஞ்சள் அங்கியோடு நின்று சனங்களுக்கு இருக்கை காட்டவேண்டும். எனக்குக் கிடைத்த இலவச டிக்கெட்டில் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணை நாட்டைவிட்டு வந்து எட்டு மாதம். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இண்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். நாள் முழுக்க யன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர், அன்று எழும்பி நின்று கத்தினார். யாருக்காகக் கத்துகிறார் என்று அவருக்கே விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் எந்த உதைபந்தாட்டம் நடந்தாலும் விசிலோடு நடுவராகப் போய் நிற்பவர் அப்பா. அண்ணை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்: “அப்பா, பேர்தான் உதைபந்து. உதைக்கிறதுக்கெண்டு ஒருத்தன் தனியா இருக்கிறான், மற்றவையெல்லாம் கையாலதான். பத்து யார் தூரம் நிலம் பிடிக்க நாலு தரம் விடுவினம். அதுக்குள்ள மண்டை உடையிற அடிபாடு. காணி எல்லையில நடக்கிற எங்கட வேலிச் சண்டை தோத்துப்போகும்.”

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி கிடையாது. கடிதத்தைக் கொழும்பிலிருந்த மாமிக்கு அனுப்பினால், அவர் ஊருக்குப் போகும் யாரிடமாவது கொடுத்துவிடுவார். பதில் வர மாதக்கணக்காகும். அண்ணை அதைப் பொருட்படுத்தவில்லை. ஆட்டத்துக்கு ஒரு கடிதம். வெளியூர் ஆட்டமென்றால் டிவியில் பார்த்து எழுதுவார். வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போடுவது என் பொறுப்பு.

புது அணி வென்றுகொண்டே போனது. ஐந்தாவது ஆட்டம் முடிந்த வாரம் மாமி கொழும்பிலிருந்து அழைத்தார். அண்ணை குளித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார் மோனை. காய்ச்சல்தானாம், ஊரால வந்த ஆள் சொன்னது. சித்தப்பான்ர மகன்தான் கொள்ளி வச்சவன்,” என்றார். மாமி அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னார்: “மூத்தவனுக்கு இப்ப சொல்லிப்போடாதை. இண்டர்வியூ முடியட்டும். மனம் குழம்பினால் அங்க ஏதும் மாறிச் சொல்லிப்போடுவான்.” போனை வைக்க முன் இன்னொன்றும் சொன்னார். முதல் கடிதம் அப்பாவின் கைக்குப் போய்ச் சேர்ந்ததாம். படுக்கையில் கிடந்தபடி, வேலிச் சண்டை என்ற இடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிச் சிரித்தாராம்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. பரீட்சையென்றும் பிரசவமென்றும் சொல்லிச் சாவை ஒளிப்போம். நானும் ஒளித்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை மூத்த மகன்தான் செய்யவேண்டும் என்பதும், அதுவரை துடக்கு, கோயிலுக்குள் போகக்கூடாது என்பதும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் அண்ணை ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் தலையிடி என்று சொல்லி வெளியே தெருவில் நிற்பேன். அவர் உள்ளே போய், அப்பாவின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி, நீண்ட ஆயுள் வேண்டி அர்ச்சனை செய்வார். வெளியே வந்து என் நெற்றியில் திருநீறு பூசிவிடுவார். மாமி அழைத்த பிறகு அவர் எழுதிய கடிதங்களை நான் தபாலில் போடவில்லை. என் சூட்கேசின் அடியில் வைத்தேன்.

இண்டர்வியூ இரண்டு தரம் தள்ளிப்போனது. முப்பத்தோராம் நாளும் கடந்துபோனது. கடைசியில் இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு குரோய்டனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நன்றாகச் சொன்னேன் என்று சிரித்துக்கொண்டு வந்தார். அன்றே நான் சொல்லியிருக்கவேண்டும். மாமியின் சாட்டு அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் இறுதி ஆட்டம் நம்முடைய வெம்பிளியிலேயே நடக்கிறது, அதையும் பார்க்கட்டும் என்று விட்டேன். அந்த மூன்று நாள் முழுக்க முழுக்க என் பாவம்.

லண்டன் வென்றது. முதல் வருடத்திலேயே கிண்ணம். ஸ்டேஷனுக்கு நடந்த சனமெல்லாம் பாடியது. கத்திக் கத்தி அண்ணையின் குரல் அடைத்துப்போயிருந்தது. “அப்பாவுக்கு இதை எப்பிடியடா எழுதுறது?” என்று கேட்டார்.

நான் அந்த இடத்திலேயே சொன்னேன்.

சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது. அவர் அழவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். விரல்விட்டு வெள்ளிக்கிழமைகளை எண்ணினார்.

“அப்ப நீ மட்டும் வெளியில நிண்டனீ,” என்றார்.

அறைக்கு வந்ததும் கடிதங்களைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். உறைகளில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் கட்டிலில் இருந்தார். அடுத்த வாரம் தலையை மழித்து, ஒரு ஐயரைப் பிடித்து, செய்யவேண்டியதைத் தனியே செய்தார். அப்பாவுக்கு நானும் மகன்தான். என்னைக் கூப்பிடவில்லை. விசா கிடைத்ததும் வடக்கே வேறு நகரத்துக்குப் போய்விட்டார்.

இரண்டாவது வருடம் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. பிறகு அந்தப் போட்டிகளையே நிறுத்திவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

தொண்ணூற்றைந்தில் அதே பெயரில் அணியைத் திரும்பவும் தொடங்கினார்கள். மைதானம் வேறு, ஆட்டக்காரரும் வேறு. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, டிக்கெட் எடுக்கட்டோ? வாறியளோ?”

எந்த மைதானம் என்று கேட்டார். சொன்னேன்.

“எனக்கு ஏலாது. நீ பாத்திட்டு எழுது,” என்றார்.

தனியாகப் போனேன். பாதி இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. வீட்டுக்கு வந்து, பத்து யார் நிலத்துக்கு எத்தனை அடிபாடு என்று எழுதினேன். கீழே, நாலு வருடமாக அவரிடம் சொல்லாத ஒன்றையும் எழுதினேன். முதல் கடிதம் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது, வேலிச் சண்டையை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிச் சிரித்தார்.

முத்திரை ஒட்டி, நானே கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டேன்.