மாவு மேல் போட்ட பழி

அமராவதிக்கு எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. கம்மாபுரத்தில் பிறந்து, அய்யனாரைக் கட்டிக்கொண்டு செம்மங்குப்பத்துக்கு வந்தவள். வந்த புதிதில் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள்.

"மண்டபம் எங்கன்னு தெரியுமா அண்ணி?"

"தெரியாம என்ன? கண்ண மூடிக்கிட்டுப் போவேன்."

கோயிலைச் சுற்றியிருக்கிற நாலு வீதியையும் சுற்றிச் சுற்றி, கடைசிப் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். "கோயில சுத்துன புண்ணியம் வந்துச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றாள் அமராவதி.

"எம் பொண்டாட்டிக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். தெரியாதுங்கிற வார்த்தை" என்று அய்யனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

2006-இல் அவளுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை கிடைத்தது. அங்கே கட்டட வேலைக்குப் பீகாரிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். இரண்டு வேளையும் சோறு தின்று அவர்களுக்குச் சலித்துவிட்டது. கேன்டீனை எடுத்து நடத்திய லூர்துசாமி சமையல்கட்டுக்கு வந்து கேட்டார்.

"ஏம்மா, நாப்பது பேருக்குச் சப்பாத்தி போட யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் அமராவதி, கையைத் துடைத்துக்கொண்டே. மாமியாருக்குச் சர்க்கரை என்று வீட்டில் மூன்று தடவை போட்டிருக்கிறாள். மூன்று தடவையும் மாமியார் பாதியில் எழுந்துவிட்டாள்.

அன்றைக்கு நடந்ததை இன்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். தண்ணீர் ஜாஸ்தியானது, மாவைக் கொட்டினாள். மாவு ஜாஸ்தியானது, தண்ணீரை ஊற்றினாள். கடைசியில் அண்டா நிரம்பிவிட்டது. ராம்பிரவேஷ் என்கிற ஒல்லிப் பையன் ஒரு சப்பாத்தியை எடுத்துத் தட்டில் தட்டினான். டங்கென்று சத்தம் வந்தது. நாற்பது பேரும் சிரித்தார்கள்.

லூர்துசாமி ஓடிவந்தார். "என்னம்மா இது?"

"நான் என்ன சார் பண்ணட்டும்? மாவு சரியில்ல."

அது சும்மா வாயில் வந்த பேச்சு. ஆனால் லூர்துசாமி அப்படியே நம்பிவிட்டார். முதுநகரில் கோதுமை அரைத்துத் தந்துகொண்டிருந்த கலியமூர்த்தியை நிறுத்திவிட்டு, வேறு இடத்தில் மாவு எடுத்தார். சப்பாத்தி மட்டும் அப்படியேதான் இருந்தது.

பத்து நாள் கழித்து, மிளகாய் அரைக்க அமராவதி அதே கலியமூர்த்தி மில்லுக்குத்தான் போனாள். மனுஷர் கோதுமை மிஷினை மட்டும் கழற்றிப் போட்டுக்கொண்டு, மாவரைக்கிற கல்லைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டாந்தடவ கொத்தறேம்மா. சல்லடையையும் மாத்திட்டேன். எம் மாவு சரியில்லன்னு உங்க கேன்டீன்ல யாரோ சொல்லிட்டாங்களாம். இருவது வருசத்துல ஒரு சொல்லு கேட்டதில்ல. நீ அங்கதான வேல பாக்கற, யாருன்னு தெரியுமா?"

அமராவதி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாதுண்ணே."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரியாது என்று சொன்னாள். அதுவும் பொய். மிளகாயை அரைத்து வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. பையில் இருந்த மிளகாய்த்தூள் மேல் பழி போட முடியவில்லை.

மறுநாள் காலையில் நேரே லூர்துசாமி முன்னால் போய் நின்றாள். "சார், கலியமூர்த்தி அண்ணன் மாவு நல்ல மாவு. எனக்குத்தான் சப்பாத்தி போடத் தெரியாது."

லூர்துசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா வேற ஆள வச்சிருப்பேன்ல?"

"அதுக்குப் பயந்துதான் சார் சொல்லல. கத்துக்கறேன். ஒரு வாரம் குடுங்க."

மில்லுக்குப் போய்ச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. கலியமூர்த்தி மிஷினிலிருந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "போவட்டும் போ. கல்லு கொத்துனதும் நல்லதுக்குத்தான், இப்ப மாவு பூ மாதிரி வருது" என்றார். அடுத்த வாரமே கேன்டீனுக்குப் பழையபடி அவர் மாவு வந்தது.

சப்பாத்தி கற்றுக்கொடுத்தது ராம்பிரவேஷ். அரைகுறைத் தமிழில், "தண்ணி கொஞ்சம் கொஞ்சம் அக்கா. மாவு தூங்கணும், அரை மணி" என்றான். ஈரத் துணி போட்டு மாவைத் தூங்க வைத்தாள். மூன்றாம் நாள் ஒரு சப்பாத்தி கல்லில் உப்பி எழும்பியபோது, "ஏய், எழுந்துக்கிச்சுடா!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு லூர்துசாமியே எட்டிப் பார்த்தார்.

அதற்குப்பின் அவளுக்குத் தெரியாததைக் கேட்பதில் ருசி வந்துவிட்டது. கேஸ் அடுப்பைக் கழற்றிச் சுத்தம் பண்ணுவது, ஸ்கூட்டி ஓட்டுவது எல்லாவற்றையும் கூச்சப்படாமல் கேட்டுக் கேட்டுக் கற்றாள். 2010-இல் அய்யனாருக்குச் சிதம்பரத்தில் வேன் ஓட்டும் வேலை அமைந்ததும், அண்ணாமலை நகர் போகிற வழியில் ஒரு டிபன் கடை போட்டாள்.

ஒரு சாயங்காலம், கடை முன்னால் காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக நிற்கும்போது, குருமா அடிப்பிடித்துவிட்டது.

"கண்ணுங்களா, குருமா தீஞ்சுபோச்சு. என் கவனப் பிசகு. இட்லிக்கு வச்ச கத்திரிக்கா கொத்சு இருக்கு, சப்பாத்திக்கு வேணும்னா ஊத்தறேன்."

காயத்ரி என்கிற பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய் வைத்தாள். மறுவாய் வைக்கும்போது சுளிப்பு இல்லை. மூன்றாவது சப்பாத்திக்குத் தட்டை நீட்டினாள். மறுநாள் நான்கு தோழிகளோடு வந்து அதையே கேட்டாள்.

2012-இல் அந்தக் கடையில் தினமும் சப்பாத்திக்குக் குருமாவோடு கொத்சும் உண்டு. ஏழு மணிக்கு மேல் போகிறவர்களுக்குக் கொத்சு தீர்ந்து குருமாதான் மிஞ்சும்.