வலையில்லாத மிதப்புகள்

இது நடந்தது அறுபதுகளின் நடுவில். ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடம் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தோம். கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று கிணறு தோண்டிப் பார்ப்பதற்கு முன், எங்கே தோண்டலாம் என்று கண்டுபிடிக்கும் குழு எங்களுடையது. கடலில் குறித்த இடங்களில் வெடி வைத்து, பூமிக்குள்ளிருந்து திரும்பி வரும் அதிர்வைப் பதிவு செய்வார்கள். அந்த இடங்களுக்கு அடையாளம் வைப்பது என் வேலை. கல் கட்டிய கயிறு, மூங்கில் மிதப்பு, அதன் மேல் சிவப்பு வெள்ளைக் கொடி. பாம்பனிலிருந்து வாடகைக்குப் பிடித்த ஒரே படகில் நாலைந்து மிதப்பாக ஏற்றிப் போவேன். கரையில் கருவி வைத்துப் பார்ப்பவர்கள் துணியை வீசிக் காட்டும் இடத்தில் இறக்குவேன். வாரம் முழுக்க வெயிலில் கருகி ஒருவழியாக முடித்தேன்.

திங்கட்கிழமை பெரிய அதிகாரி வெடிமருந்துப் படகோடு வருவதாக இருந்தது. கொடி தயாராக இல்லையென்றால், தற்காலிக ஆளான என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக முன்பே சொல்லியிருந்தார். அந்த வேலையைச் சொல்லித்தான் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள்!

சனிக்கிழமை சாயங்காலம் கூடாரத்துக்கு வெளியே ஒரே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். என் மிதப்புகள் அத்தனையும் மணலில் அழகாக அடுக்கியிருந்தது. பக்கத்தில் மீனவர்கள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்கள்.

"சார், ஒங்க வலையெல்லாம் அறுந்து போச்சு. கவலப்படாதீக, மிதப்பு பூராத்தையும் கொண்டாந்துட்டோம்" என்றார் ஊர்த்தலைவர்.

வலை அறுந்து மிதப்பு மட்டும் கடலில் கிடந்தால், பார்த்தவர் எடுத்துவந்து உடையவரிடம் சேர்ப்பது அங்கே வழக்கம். உடையவர் டீ வாங்கிக் கொடுப்பார். தூக்கிப் பார்த்திருக்கிறார்கள், கீழே வலை இல்லை. எங்கள் கூடாரத்தின் மேலும் அதே கொடி பறந்ததால் நேரே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஊரில் யாரிடமும் எங்கள் அலுவலகம் விஷயத்தைச் சொல்லவே இல்லை. அவர்களை என்ன குறை சொல்வது? அவர்கள் டீக்குக் காத்திருந்தார்கள்.

டீயைக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். எல்லார் முகமும் தொங்கிப் போனது. மறுநாள் ஞாயிறு. கிறிஸ்தவ மீனவர்களின் ஊர் அது, அன்றைக்கு ஒரு படகும் கடலில் இறங்காது. சரி, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

தலைவர் தம்ளரைக் கீழே வைத்தார். "மீன் பிடிக்கத்தான போகக் கூடாது? கொடி நடப் போகலாம்ல! சாமியார்ட்ட நான் கேட்டுக்கிறேன். நீங்க நிம்மதியாப் படுங்க."

மறுநாள் பூசை முடிந்ததும் சர்ச்சிலிருந்து நேரே கடற்கரைக்கு வந்துவிட்டார்கள். ஊரில் இருந்த படகெல்லாம் இறங்கின. சாமியாரும் ஒன்றில் ஏறிக்கொண்டார். மிதப்பு ஏற்றிய படகுகள் வரிசையாகக் காத்து நிற்க, கரையிலிருந்து சைகை வந்ததும் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனோம். இந்தத் தடவை நான் கரைக்கும் கடலுக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. கிழிந்த கொடிகளுக்குப் பதிலாகப் பெண்கள் பழைய சேலைத் துணியைத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு கொடி நிமிர்ந்து நின்றபோதும் படகுகளில் கைதட்டல். ஒரு வாரத்து வேலை பொழுது சாய்வதற்குள் முடிந்தது. சந்தோஷத்தில் நான் வாய்விட்டுப் பாடினேன். எனக்குப் பாடவே வராது.

திங்கட்கிழமை அதிகாரி தொலைநோக்கியில் பார்த்தார்.

"என்னய்யா இது, கடல்ல பூப்போட்ட சேலை பறக்குது?"

"தூரத்துலேருந்து பார்த்தா நல்லாத் தெரியும் சார்" என்றேன்.

சிரித்துவிட்டு, வெடிமருந்துப் படகைக் கிளப்பச் சொன்னார். வேலை நிலைத்தது. என் கல்யாணத்துக்குத் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெரிய கூட்டமே வந்தது.

உதவுகிறேன் என்று வந்து காரியத்தைக் கெடுத்துவிடுபவர்கள் மேல் இன்றுவரை எனக்குக் கோபம் வருவதில்லை. மறுநாள் படகோடு வந்து நிற்கப்போவதும் அவர்களாகத்தான் இருக்கும்.