பார்த்தவன் தேங்காய் உடைக்கக் கூடாது

1. கேபினுக்குள் வந்த கூட்டம்

அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் புரொஜெக்டர் கேபினில் போர்ட் ஹோல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படம் திரைக்குப் போவது அந்தச் சின்னச் சன்னல் வழியாகத்தான். அப்போது படிக்கட்டில் நாலைந்து பேர் தடதடவென்று ஏறி வந்தார்கள். கேபினுக்குள் வெளியாள் வரக் கூடாது. அருப்புக்கோட்டையில் இந்தத் தியேட்டருக்கு நான் ஆபரேட்டராக வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. ஒருவரும் அப்படி வந்ததில்லை. எனக்கு அதுதான் பிடித்த விஷயம். நான் ஆள் முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவன். கேபின் இருட்டு எனக்குச் சௌகரியம்.

முன்னால் வந்தவன் செல்வம். எம்.ரெட்டியபட்டிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், ரசிகர் மன்றத் தலைவன். போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

“இத நீங்கதானண்ணே எடுத்தீக?”

ஒன்பது மணிக்கு நாங்கள் போட வேண்டிய படத்தின் கடைசிக் காட்சி அதில் ஓடியது. கதாநாயகன் தம்பி மடியில் சாகிறான். யாரோ தியேட்டரில் உட்கார்ந்து திரையைப் போனில் எடுத்திருந்தார்கள். பாளையம்பட்டிக்காரன் ஒருவன் அதை மன்றத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, ‘நம்ம தியேட்டர்ல டெஸ்ட் பண்ணப்ப எடுத்தது’ என்று சேர்த்து எழுதியிருந்தானாம். அவன் கண்டானா? இல்லை. ஏதாவது எழுத வேண்டுமே என்று எழுதியிருக்கிறான்.

“நான் எடுக்கலப்பா,” என்றேன். கண்ணாடியைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

“பேசமாட்டாரு. பேசாமலே எல்லா வேலையும் பாப்பாரு,” என்றான் பின்னால் நின்றவன்.

மேனேஜரும் மேலே வந்தார். டிக்கெட், கேன்டீன் இரண்டும் அவர் பொறுப்பு. மெஷின் பற்றி ஒன்றும் தெரியாது. முகம் வெளிறிப்போயிருந்தது.

“ஏப்பா ராசு, டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ்ல இருந்து போன். அந்த வீடியோ அவுக கைக்கும் போயிருச்சாம். ஒன்ன வெளிய அனுப்புனாத்தான் படத்தத் தெறக்குற கீயத் தருவாகளாம். இல்லாட்டி இன்னைக்கு நம்ம தியேட்டர்ல படமே கெடையாதுங்குறாக. நான் என்ன செய்ய? வேற ஆளுக்குச் சொல்லிவிட்டுட்டேன்.”

என்னை ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டிருந்தார்.

2. எங்கள் வழக்கம்

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பெட்டியில் பிலிம் பிரிண்ட் வந்த காலத்தில் புதுப்படம் மதுரையில் ஓடி முடிந்த பிறகுதான் எங்கள் ஊருக்கு வரும். பொறுக்க முடியாதவர்கள் காரியாபட்டி வழியாக பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். அதனால் மன்றத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். முதல் காட்சிக்கு முன் திரைக்குக் கீழே சூடம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள் அல்லவா? படத்தை வேறு ஊரில் பார்த்துவிட்டு வந்தவன் அந்தத் தேங்காயைத் தொடக் கூடாது. கதையையும் சொல்லக் கூடாது. மீறியவனுக்கு அடுத்த படத்துக்கு முதல் காட்சி டிக்கெட் கிடையாது.

குமார் என்று திருச்சுழிப் பக்கத்துக்காரர் ஒருவர். செல்வத்தோடு சேர்ந்து மன்றத்தை நடத்தியவர். எல்லாப் படத்தையும் மதுரையில் முதலில் பார்த்துவிடுவார். திரும்பி வந்து எங்கள் தியேட்டர் வாசலில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நிற்பார். யார் என்ன கேட்டாலும் வாய் நிறைய எச்சில் என்று சைகை காட்டுவார். அப்படிக் கட்டுப்பாடு காத்த மனுஷன். இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்.

3. அடியில் ஓடிய எழுத்து

நான் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தேன். டார்ச், துடைக்கும் துணி, மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். செல்வத்தின் போனில் அந்தக் காட்சி முடிந்து தானாக மறுபடி ஓடத் தொடங்கியது. பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் திரையைப் பார்ப்பது என் தொழில். கண் போய்விட்டது.

படத்தின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் திரையில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

“சார், அடியப் பாருங்க,” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“என்னப்பா அடி?”

“எழுத்து ஓடுது பாருங்க. நமக்கு வார படத்துல என்னைக்காச்சும் எழுத்து வந்துருக்கா? அது பாஷை தெரியாதவுகளுக்குப் போடுறது. வெளிநாட்டுக்குப் போன பிரதி சார் இது. இன்னொண்ணு. நம்ம சர்வர்ல படம் புதன்கிழமையே ஏறிருச்சு. ஆனா பூட்டிக் கெடக்கு. கீ மெயில்ல வரணும். வந்தாலும் எட்டே முக்காலுக்கு முன்ன ஒரு பிரேம் ஓடாது. கீயே இன்னும் வரல, நான் எங்க இருந்து டெஸ்ட் போடுறது?”

இருபத்தாறு வருடத்தில் மேனேஜரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தார். டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீசுக்குப் போன் போட்டபடி கீழே இறங்கினார்.

செல்வம் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு சிங்கப்பூரில் இருக்கும் குமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

“மாமா, ஒங்க ஊர்ல படம் என்னைக்கு ரிலீஸ்?”

“நேத்தே போட்டாச்சு மாப்ள. பாத்துட்டேன். கடைசில அழுதுட்டேன்டா.”

“க்ளைமாக்ஸ எடுத்துப் போட்டது ஆரு?”

குமார் குரலைத் தாழ்த்தினார்.

“இங்க உள்ள குரூப்புல மட்டுந்தான் போட்டேன். ஆளாளுக்குப் போட்டானுக மாப்ள. மொதல்ல போட்டது ஆருன்னு ஒரே போட்டி. இங்க எல்லாரும் பாத்துட்டவுக தானே, அங்க வரைக்கும் வரும்னு தோணல.”

“வெத்தலையப் போட்டுக்கிட்டு வாயத் தொறக்காம நின்ன ஆளு நீரு! நாங்க பதினஞ்சு நாளா பேனர் கட்டுனோம். ஒம்மால ஒரு நாள் பொறுக்க முடியலையாக்கும்?”

“அப்ப ஒங்க மொகம் எதுக்க நின்னுச்சு மாப்ள, இங்க அது இல்லையே,” என்றார் குமார். போனை வைத்துவிட்டார்.

4. ஒன்பது மணி

கீ வந்தது. என்னை இருக்கச் சொன்னார்கள். வெளியே அனுப்பச் சொன்னவர்கள் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. வருவதாக இருந்த ஆபரேட்டருக்குத்தான் மேனேஜர் வருத்தம் சொன்னார், அதுவும் போனில்.

திரைக்குக் கீழே சூடம் எரிந்தது. தேங்காயை எடுக்க ஆள் இல்லை. எல்லோர் போனிலும் அந்தக் காட்சி வந்துவிட்டது, எல்லோரும் பார்த்தவர்களாகிவிட்டார்கள். செல்வம் தேங்காயோடு மேலே வந்தான்.

“அண்ணே, தப்பா பேசிட்டேன். நீங்க வந்து ஒடைங்க.”

“ஒன் போன்ல நீதானப்பா எனக்குக் காட்டுன,” என்றேன். “நானும் பாத்தவன்தான்.”

தேங்காயைக் கேபின் பலகையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். உடைக்காமலே படம் ஓடியது. கடைசிக் காட்சி வருவதற்கு முன்பே நாற்காலிகள் மடங்கும் சத்தம் கேட்டது. பதினைந்து நாள் பேனர் கட்டியவர்கள் எம்.ரெட்டியபட்டி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். கதாநாயகன் பாதிக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் செத்தான்.

படத்துக்குத் தேதி குறிக்கிறவர்களை எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. ஒரு தேசத்துக்கு வியாழன், ஒரு தேசத்துக்கு வெள்ளி என்று எதற்குப் பிரிக்கிறீர்கள்? வெயிலில் நின்று பேனருக்குக் கம்பம் நடுகிறவனுக்குக் கடைசியாகக் காட்டுவது என்ன நியாயம்? உங்கள் பூட்டு என் மெஷினை மட்டும்தான் பூட்டுகிறது. வெளியே கசிந்த படத்துக்கு, உள்ளே உட்கார்ந்திருந்த என்னைத் திருடன் என்றீர்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் மேல் பழி வந்தால் பையை எடுக்காதீர்கள். முதலில் வாயைத் திறங்கள், கூச்சமாக இருந்தாலும் சரி. நான் அன்றைக்குச் சட்டையை மடித்து வைத்த பிறகுதான் பேசினேன்.

அந்தத் தேங்காய் மூன்று நாள் கேபினில் கிடந்தது. நான்காம் நாள் வீட்டுக்குக் கொண்டு போனேன். துவையல் அரைத்தார்கள். எனக்கு இறங்கவில்லை.