நான் சேர்த்த தமிழ்க் காலம்

இரண்டாயிரத்துகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் கன்வேயர் செய்யும் ஒரு கம்பெனியில் டிசைனராக இருந்தேன். கம்ப்யூட்டரில் மெஷினைப் பாகம் பாகமாக வரைந்து சேர்த்துவிட்டால், வரைபடத்தின் ஓரத்தில் உதிரிபாகப் பட்டியல் வந்து உட்காரும். மென்பொருள் தானாகத் தருவது நான்கே காலங்கள்: வரிசை எண், பார்ட் நம்பர், ஆங்கிலத்தில் பெயர், எத்தனை வேண்டும். காலம் என்றால் காலண்டரில் ஓடுவது அல்ல, பட்டியலில் மேலிருந்து கீழே இறங்குவது. அதை அப்படியே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

மெஷின் மாட்டும் ஷாப்பில் முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் வராது. அவர்களுக்காகத் தமிழில் ஒரு காலம் சேர்த்தேன். 'பெரிய ரோலர் ஷாஃப்ட்', 'நடு புஷ்' என்று அவர்கள் வாயில் வரும் பெயர்களாகவே அடித்தேன். தாளில் இடம் போதவில்லை. பார்ட் நம்பரை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதைத் தூக்கிவிட்டேன். இனி எந்தப் புது வரைபடம் திறந்தாலும் இப்படியே வரட்டும் என்று டெம்ப்ளேட்டாகவும் சேமித்தேன். பெரிதாக எதையோ சாதித்துவிட்ட நினைப்பு எனக்கு.

மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதல் பிரிண்ட்டோடு என்னையும் கூட்டிக்கொண்டு ஷாப்புக்கு வந்தார். அங்கே மூத்த ஃபிட்டர் எனக்கு ரயில் சிநேகிதர். மீஞ்சூரில் இருவரும் ஒரே பெட்டியில் ஏறுவோம். அவரிடமே தாளை நீட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி படிக்கச் சொன்னார் மேனேஜர்.

அவர் தாளை வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண்ணாடி எடுத்துகினு வரல சார்," என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. வயசாகிவிட்டது என்று கிண்டலடித்துவிட்டு மேனேஜர் வேறொருவரைப் படிக்கச் சொன்னார். எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. அவருக்கு எழுத்துத் தெரியாது, எண்கள்தான் தெரியும். பட்டியலில் உள்ள பார்ட் நம்பரையும் இரும்பில் பஞ்ச் அடித்த நம்பரையும் ஒத்துப்பார்த்தே இத்தனை மெஷின்களையும் மாட்டியிருக்கிறார். ஆங்கிலம் தெரியாதது அங்கே யாருக்கும் அவமானமில்லை. அந்த மறைவில் அவர் நிம்மதியாக இருந்தார். நான் தமிழைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கூடவே நம்பரையும் பிடுங்கிக்கொண்டேன். வெட்கத்தில் என்னால் அங்கே நிற்கவே முடியவில்லை.

ஸ்டோரில் நம்பர் கேட்கிறார்கள் என்று ஒரு பொய் சொல்லி, அன்று மதியமே பார்ட் நம்பரைத் திரும்பப் போட்டேன். டெம்ப்ளேட்டையும் மாற்றினேன். தமிழை எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் அதன் எழுத்தை மட்டும் சின்னதாக்கி ஓரத்தில் தள்ளினேன்.

மறுநாள் அவர் கண்ணாடியோடு வந்தார். பிளாட்பாரத்தில் விற்கிற பவர் கண்ணாடி. கோளாறு இல்லாத கண்ணுக்கு அது தலைவலியைத்தான் தரும். பேரிங் மாட்டும்போது நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார்; யாராவது தாளோடு வந்தால் மூக்குக்கு இறக்கிக்கொள்வார்.

சாயங்காலம் ரயிலில் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். எதிரில் நான் வந்து உட்கார்ந்ததும் அவசரமாக எடுத்து மாட்டினார்.

"நேத்து ஊட்லயே மறந்துட்டேன் நைனா," என்றார்.

"பரவால்லண்ணா," என்றேன், அந்தக் கண்ணாடியைப் பார்த்து. அதற்குப் பின்னாலிருந்த கண்ணைப் பார்க்க முடியவில்லை.