முந்நூற்றுப் பத்து மீட்டர் வடிகால்

மாநகராட்சி அலுவலகத்துக்கு எதிரே மூன்றாவது கடை அவளுடையது. பலகையில் கடைக்கு ஒரு பெயர் எழுதியிருந்தது, அதை யாரும் படித்ததில்லை. ஊருக்கு அவள் ஜெராக்ஸ் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் கூச்சமில்லாமல் அக்கா என்றார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஊராரின் பிறப்பு, இறப்பு, வீட்டுவரி, விவாகரத்து எல்லாம் அவளுடைய மிஷினின் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்து போயிருந்தன. கல்யாணத்துக்கு முன்பு ஒரு வக்கீலிடம் தட்டச்சு செய்தவள், கையில் வந்த தாளை வாசிக்காமல் விடமாட்டாள். வாசித்ததை வெளியே சொல்லவும் மாட்டாள். மனிதர்களைப் பற்றி அவளுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. இத்தனை பேருடைய காகிதங்களையும் பார்த்தவளுக்கு எங்கிருந்து வரும்?

ஒரு திங்கட்கிழமை, மழைநீர் வடிகால் கட்டப்போகிறோம் என்று தெருவோரத்தை இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டினார்கள். செவ்வாய்க்கிழமை ஆட்களைக் காணோம். புதன்கிழமை அவர்கள் விட்டுப்போன மண்வெட்டியையும் காணோம். கடைக்கு வருகிறவர்கள் தாண்டுவதற்காக அவள் பழைய பீரோக் கதவு ஒன்றைப் பள்ளத்தின் குறுக்கே போட்டாள். எட்டு மாதம் அந்தக் கதவின்மேல்தான் வியாபாரம் நடந்தது. பென்ஷன் புத்தகத்தோடு வந்த ஒரு பெரியவர் சறுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கு மருந்து போட்டு அனுப்பிவிட்டு, கடையைப் பாதி சாத்திக்கொண்டு, ஆறாவது முறையாக இன்ஜினியரைப் பார்க்கப் போனாள்.

முந்தைய ஐந்து முறையும் இன்ஜினியர், "வேலை போய்க்கிட்டிருக்குக்கா" என்று ஒரே பாட்டைப் பாடியிருந்தார். இந்தத் தடவை கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"வேலை முடிஞ்சிருச்சேக்கா. பில்லெல்லாம் பாஸ் ஆயிருச்சு."

"எது முடிஞ்சது?"

"வடிகால்தான்."

"நான் இப்ப பீரோக் கதவு மேல நடந்து வந்தேன், தம்பி."

"ரெக்கார்டுல முடிஞ்சதா இருக்கே. நான் என்ன பண்றது?"

அவளுடைய செருப்பிலிருந்த சேறு அவருடைய தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். அந்தச் சுளிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது. பள்ளத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதையும் தூசி தட்டி, இரண்டு முறை துடைத்துப் பார்த்துத்தான் பேசுவார். விஷயத்தைக் கேட்டதும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கணக்கு கேட்டு எழுதிக் குடுக்கப் போறியா? நமக்கெதுக்கு வம்பு? நாளைக்கே கடை லைசென்ஸ்ல கை வைப்பாங்க."

"வாசல்லயே கை வெச்சாச்சு. இனிமே லைசென்ஸ்ல வெச்சா என்ன?"

"கேட்டா குடுத்துருவாங்களாக்கும்."

"முப்பது நாளைக்குள்ள குடுக்கணும்னு சட்டம் இருக்குங்க. குடுக்கலேன்னா மேல போவேன். நீங்க சாப்பிடுங்க."

விண்ணப்பம் அரைப்பக்கம்கூட வரவில்லை. எங்கள் தெரு வடிகாலுக்கு ஆன செலவின் பில்கள், அளவுப் புத்தகம், பணம் கொடுத்த உத்தரவுகள், வேலை முடிந்ததற்கான சான்று, எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். கீழே முழுப்பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்படி ஒரு பெயர் அவளுக்கு இருப்பது வங்கிக்கு மட்டுமே தெரியும்.

இருபத்தொன்பதாவது நாள் பதில் வந்தது. கேட்ட பதிவுகள் ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம், நகல் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தவும் என்றிருந்தது. எண்ணைப் பார்த்ததும் விண்ணப்பதாரர் ஓடிவிடுவார் என்று யாரோ ஒரு அறிவாளி கணக்குப் போட்டிருக்கிறார். பக்கக் கணக்கைக் காட்டி ஜெராக்ஸ் கடைக்காரியையா பயமுறுத்துவது? மறுநாளே பணத்தைக் கட்டிவிட்டு ரசீதை வாங்கி வந்தாள்.

பத்து நாள் கழித்து, மாநகராட்சி அட்டெண்டர் இரண்டு கட்டுகளைத் தோளில் சுமந்துகொண்டு பீரோக் கதவின்மேல் தத்தித் தத்தி வந்து சேர்ந்தார்.

"அக்கா, எங்க மிஷின் படுத்துருச்சு. இதை எடுத்துக் குடுங்க. பில் போட்டா மாசக் கடைசியில வந்துரும்."

மேல் தாளைப் பார்த்தாள். அவளுடைய தெருவின் வடிகால்.

"எத்தனை செட்?"

"ஒண்ணு போதும். எவளோ வேலையத்த பொம்பளை கேட்டிருக்கா."

"அப்படியா" என்றாள் அக்கா. மிஷினைப் போட்டாள்.

ஒன்றரை நாள் ஆனது. ஒவ்வொரு தாளையும் வாசித்தபடியே வைத்து எடுத்தாள். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது, பிறகு வாய் கசந்தது. அளவுப் புத்தகத்தில் வடிகாலின் நீளம் முந்நூற்றுப் பத்து மீட்டர். தெருவே நூற்று நாற்பதுதான். தெருக்கோடியில் நிற்பது மாநகராட்சியின் சொந்த மதில். புத்தகத்தை நம்பினால் அந்த வடிகால் மதிலைத் துளைத்து, கேன்டீனைக் கடந்து, மாடிப்படி ஏறி, கமிஷனர் அறையில் போய்த்தான் நிற்க வேண்டும். தோண்டிய மண்ணை அள்ளியதாக மூன்று பில். ஒரே லாரி ஒரே நாளில் நாற்பத்தாறு நடை. வேலை முடிந்த சான்றோடு ஒட்டியிருந்த புகைப்படத்தில் இருபுறமும் தழைத்த மரங்கள். இவர்கள் தெருவில் மரம் என்று சொல்ல ஒரு விளக்குக் கம்பம்தான் இருந்தது. பொய்யை எழுதியவனுக்கு, அது பொருந்துகிறதா என்று பார்க்கக்கூடச் சோம்பல். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. திருடுவதிலாவது கொஞ்சம் உழைக்கக் கூடாதா?

கட்டுகளை எடுத்துப்போக வந்த அட்டெண்டர் தலையைச் சொறிந்தார். "பில்லை வெறுமனே குடுத்துருங்கக்கா. தொகையை அங்க போட்டுக்குவாங்க."

"இந்தத் தெருவுல எல்லாத்தையும் அங்கதான் போட்டுக்கறாங்க. என் பில்லை நான் போட்டுக்கறேன்" என்று சொல்லி, பக்கக் கணக்கையும் தொகையையும் எழுத்தால் எழுதி, முழுப்பெயரில் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தாள்.

அந்தக் கையெழுத்து மேலே போனதும் அழைப்பு வந்தது. தகவல் அலுவலர் சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார். விண்ணப்பத்தையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் அட்டெண்டர் அசடு வழிய நின்றார்.

"நீங்கதானாம்மா அது?"

"வேலையத்த பொம்பளை நான்தான் சார்."

அட்டெண்டர் கூரையைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா பள்ளத்தை நாங்களே மூடியிருப்போமே. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை. நாளைக்கே மூடிடறோம். நீங்க பெட்டிஷனை வாபஸ் வாங்கிக்குங்க."

"முடிஞ்சுபோன வடிகாலை எப்படி சார் நாளைக்கு மூடுவீங்க?"

அவர் முத்திரையிட்ட ஒரு கட்டை மேஜைமேல் தள்ளினார். அக்கா விரலை நனைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து எண்ணினாள். எண்ணி முடிக்கும்வரை அவர் போனில் யாருடனோ பேசுவதுபோல் பாவனை செய்தார்.

"ஆயிரத்து ஐம்பத்தெட்டு இருக்கு. எண்பத்திரண்டு பக்கம் குறையுது."

"அவ்வளவுதாம்மா ஃபைல்ல இருக்கு. நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க."

"என் மிஷின்ல கவுண்டர் இருக்கு சார். நான் உங்களுக்குப் போட்ட பில்லுலயும் எண் இருக்கு. குறையறது அளவுப் புத்தகம் முழுசும், மண்ணு அள்ளின பில்லு மூணும், மரம் இருக்கிற போட்டோவும். நாற்பத்தாறு நடை போன லாரி நம்பர் வேணுமா? சொல்றேன்."

சொல்லவும் சொன்னாள். அலுவலர் மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்தார், எழுத ஒன்றுமில்லாமல் மூடினார். பிறகு அட்டெண்டரைப் பார்த்து, "அலமாரியில ஏதாவது விழுந்து கிடக்கான்னு பாரு" என்றார். எண்பத்திரண்டு பக்கமும் ஒரே உறைக்குள் ஒழுங்காக அடுக்கி விழுந்து கிடந்தன.

முழுக் கட்டும் அவளுடைய மனுவோடு தணிக்கை அலுவலகத்துக்குப் போனது. நான்காம் நாளே பள்ளத்தில் கல்லையும் கட்டட இடிபாட்டையும் கொட்டி, மேலே சிமென்ட் பலகை போட்டார்கள். வடிகால் வரவில்லை, மூடி மட்டும் வந்தது. காண்டிராக்டருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம். இன்ஜினியரைப் பூங்காத் துறைக்கு மாற்றினார்கள், இல்லாத மரங்களைக் காட்டியவருக்குப் பொருத்தமான இடம்தான். ஏழு மாதம் கழித்து அவளுக்கு ஒரு பதில் வந்தது: தொகையை வசூலிப்பது பரிசீலனையில் உள்ளது. அதைப் படித்துவிட்டு மடித்து, வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"பயந்துட்டாங்க போல" என்றார்.

"பயமா? அசைஞ்சு உட்கார்ந்திருக்காங்க, அவ்வளவுதான்."

தெருக்காரர்கள் அவளைப் பாராட்டினார்கள். தணிக்கைக்கு அனுப்பிய மனுவில் கையெழுத்துக் கேட்டபோது வெளியூர் போயிருந்தவர்களும், பேனா தேடப் போய்த் திரும்பாதவர்களும்தான் அதிகமாகப் பாராட்டினார்கள். டயர் கடைக்காரர் ஒருநாள் வந்து, தன் வரிசையில் தெருவிளக்கு எரியாத கதையை அரைமணி நேரம் சொன்னார்.

"நம்ம தெருவுக்கே நீங்கதான் தைரியம், அக்கா. விளக்குக் கணக்கையும் நீங்களே கேட்டு எழுதிப் போட்டுருங்களேன்."

"விளக்கு யாரு கடை வாசல்ல எரியலை?"

"என் கடை வாசல்லதான்."

அவள் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"எழுதுங்க. எழுத்து தெரியும்ல?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார், சாலையைப் பார்த்தார், கிரீஸ் படிந்த விரல்களைப் பேன்ட்டில் துடைத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'பெறுநர்' என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்தார்.