லிஃப்டை நிறுத்துகிறவர்

அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கும் முந்நூற்றுச் சொச்சம் பேரில் பூட்டண்ணனை ஒருமுறையாவது திட்டாதவர்கள் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. தரைத்தளத்தில் லிஃப்ட் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு உண்டு. அது எரிந்தால் லிஃப்ட் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். பூட்டிய சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கும். அதனால் பூட்டண்ணன். ஐந்தாவது மாடிக் கணக்குப் பிரிவில் இருக்கும் கனத்த உடம்புக்காரர் அவரைக் கண்டாலே, எல்லாரும் பார்க்கும்படி முழங்காலைத் தடவிக்கொள்வார். பூட்டண்ணனும் விடமாட்டார். "போன வருஷத்துக்கு இப்ப ரெண்டு சுத்து இளைச்சிருக்கீங்க சார், எனக்கு நன்றி சொல்லணும் நீங்க" என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. அதில் இருபத்தாறு வருடம் லிஃப்டோடு போயிற்று. பத்தாவது முடித்து, தொழிற்பயிற்சி முடித்து, லிஃப்ட் மாட்டுகிற கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இந்த ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எலக்ட்ரீஷியனாக வந்து சேர்ந்தார். அதுவும் ஒப்பந்த வேலைதான். ஃபியூஸ் போனால் அவர், ஏசி ஒழுகினால் அவர், கழிவறையில் விளக்கு எரியாவிட்டாலும் அவர். அவர் மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவர், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். உறவுக்காரர்கள் யாராவது "உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்று கேட்டால், "ஆராய்ச்சி நிலையத்துல இருக்காரு" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவார். லிஃப்ட் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. ஒரு கல்யாண வீட்டில் எவனோ ஒருவன் "லிஃப்ட் ஆப்பரேட்டரா?" என்று கேட்டுச் சிரித்தது அவர் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

தரைத்தளத்தில், லிஃப்ட் ஓடுகிற குழியை ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம், தூசி புகாத அறை ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு இயந்திரம். சிப் செய்ய உதவும் மெல்லிய சிலிக்கான் வில்லைமேல் எலக்ட்ரான் கற்றையால் கோடு போடுகிற இயந்திரம் அது. ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் மூவாயிரம் கோடுகள் போடும் என்று அந்த அறையை நடத்துகிற பேராசிரியை சொன்னபோது பூட்டண்ணன் நம்பவில்லை. நுண்ணோக்கித் திரையில் பார்த்த பிறகுதான் நம்பினார். ஆனால் அன்று அவர் பார்த்த கோடுகள் நேராக இல்லை. நடுவில் ஒரு இடத்தில் வளைந்து, பிறகு திரும்பி, குடிகாரன் நடந்த தடம் மாதிரி இருந்தன.

எட்டு மாதம் இதே கதை. இயந்திரம் விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் விமானம் ஏறி வந்தார். நான்கு நாள் தரையில் கருவியை வைத்து அதிர்வு அளந்தார். தரையைத் தோண்டிப் புது அடித்தளம் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இதற்கிடையில் நிதிக்கு விண்ணப்பம் போட வேண்டிய நாளும் வந்தது. எப்படியோ தேறின ஒரே ஒரு நல்ல வில்லையைப் படம் எடுத்துப் பேராசிரியை அனுப்பினார். நிதிக் குழுவின் பதில் சுருக்கமாக வந்தது. ஒன்று செய்ய முடியும் என்று காட்டியிருக்கிறீர்கள். எங்கள் நிதி உற்பத்தித் தொழில்நுட்பத்துக்கானது. அதையே மறுபடி மறுபடி செய்ய முடியும் என்று காட்டினால் வாருங்கள். அடுத்த வருடம் ஒரு வாய்ப்பு உண்டு, அதுவே கடைசி. அதுவும் கை நழுவினால் இயந்திரத்தை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு அறையை மூடுவதென்று மேலிடம் முடிவெடுத்திருந்தது.

விஷயம் பிடிபட்டது ஒரு மதிய வேளையில். லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில் இருக்கிற சுவிட்ச் அறையில் உட்கார்ந்து பூட்டண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாவிக்கொத்து மேசைமேல் கிடந்தது. அதில் மகள் பள்ளிக்கூடப் போட்டியில் பரிசாக வாங்கி அப்பாவுக்குக் கொடுத்த ஒரு குட்டித் திசைகாட்டி தொங்கும். அதன் முள் இலேசாக அசைந்து நின்றது. யாரும் தொடவில்லை, காற்றும் இல்லை. சற்று நேரம் கழித்து மறுபடி அசைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஓடுகிற சத்தம். லிஃப்ட் மேலே போனால் அதற்கு ஈடாக ஒரு இரும்புப் பாளம் கீழே இறங்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? எத்தனை பாளங்களைத் தன் கையால் மாட்டியிருக்கிறார்! ஒன்றரை டன் இரும்பு. கையில் எடுத்த கவளத்தை டப்பாவில் போட்டுவிட்டு எழுந்தார்.

இயந்திரத்தை ஓட்டுகிற ஆராய்ச்சி மாணவி அப்போதுதான் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏம்மா, அந்தக் கோடு போடுற கற்றை இருக்குல்ல, காந்தம் பக்கத்துல வந்தா அது கோணுமா?"

"நல்லாவே கோணும்ணா. காந்தத்த வெச்சுத்தான் அதை வளைக்கிறதே. ஏன் கேக்குறீங்க?"

"அப்ப தரையத் தோண்ட வேண்டாம். சுவத்துக்குப் பின்னால பெரிய இரும்பு ஒண்ணு நாள் பூரா ஏறி இறங்குது."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் நின்ற நிற்பைப் பற்றி அவர் இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். மூன்று வாரம் லிஃப்ட் ஏறி இறங்கின நேரத்தையெல்லாம் அவர் ஒரு நோட்டில் குறித்தார். அவள் வில்லை எழுதின நேரத்தைக் குறித்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்பட்டமாகத் தெரிந்தது. காலை ஒன்பதிலிருந்து பத்து, மதியம் ஒன்றிலிருந்து இரண்டு, மாலை ஐந்து மணி, எல்லாம் கோணல். நன்றாக வந்த அந்த ஒரே வில்லை விடுமுறை நாளில் எழுதினது. பேராசிரியை அந்த நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "எட்டு மாசம் என் உயிரை வாங்கினது இந்த லிஃப்டா!" என்றார்.

அன்றிலிருந்து சட்டம் வந்தது. இயந்திரம் எழுதும்போது லிஃப்ட் ஓடாது. சிவப்பு பல்பு மாட்டினார், பூட்டுச் சாவி போட்டார், வாரா வாரம் எந்த நேரம் பூட்டு என்று அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டினார். கட்டடம் முழுக்க வசை மழை. வீட்டிலும் நிம்மதி இல்லை.

"லிஃப்ட ஓட்டுறதுக்குத்தான் சம்பளம் குடுப்பாங்கன்னு நெனச்சேன். நிறுத்துறதுக்கும் குடுக்குறாங்களா?" என்றார் மனைவி. "அப்படியே நம்ம வீட்டு டியூப்லைட்டையும் கொஞ்சம் பாருங்க. மூணு வாரமா கண்ணடிக்குது."

மறுவருடம் நிதிக் குழு நேரில் வருவதாகச் சொன்னது. அன்று காலையில் எழுதின மூன்று வில்லைகளை, ஒரே வடிவம், ஒன்றுபோல் மூன்று, தங்கள் கண்முன்னால் நுண்ணோக்கியில் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பேராசிரியை கணக்குப் போட்டார். குழு பதினொன்றேகாலுக்கு வரும். மூன்றாவது வில்லை பதினொன்று பத்துக்கு முடிந்துவிடும். பூட்டைத் திறந்தால் அவர்கள் லிஃப்டில் ஆறாவது மாடிக் கூட்ட அறைக்குப் போகலாம். முதல்நாள் நிறுவன இயக்குநர் தனியாகப் பூட்டண்ணனைக் கூப்பிட்டு, "நாளைக்கு அவங்க வந்து நிக்கிறப்ப லிஃப்ட் ஓடணும். உங்க பூட்டு புராணம் எல்லாம் நாளைக்கு வேண்டாம்" என்று சொல்லிவைத்தார். மனைவியும் அன்று மாலை அதையே சொன்னார். "டைரக்டர் சொன்னா திறந்துவிட்டுட்டு வாங்க. உங்களுக்கு எதுக்கு வம்பு?"

நாம் ஒரு கணக்குப் போட்டால் நடப்பது வேறாகத்தானே இருக்கும்? குழு பத்து ஐம்பத்து மூன்றுக்கே வந்து இறங்கிவிட்டது. ஐந்து பேர். குழுத் தலைவி அறுபதைத் தாண்டிய அம்மாள், கையில் ஊன்றுகோல். அழைத்து வந்த அதிகாரி லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே மூன்றாவது வில்லை பாதி எழுதியாகிவிட்டது. பேராசிரியையும் மாணவியும் தூசி புகாத உடைக்குள் இருந்தார்கள். உள்ளே போன் கிடையாது; வெளியே வர வேண்டுமென்றால் உடை மாற்றவே பத்து நிமிடம் ஆகும். லிஃப்ட் ஆறாவது மாடிக்கு ஏறினால் இரும்புப் பாளம் நேரே இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கேட்க ஆள் இல்லை. சாவி சட்டைப் பையில் கனத்தது.

"மேடம், மன்னிக்கணும்" என்றார். "இன்னும் பதினேழு நிமிஷம் லிஃப்ட் வராது. சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்களுக்காகத்தான் எழுதிட்டிருக்காங்க. இப்ப லிஃப்ட் அசைஞ்சா கோடு கோணிடும்."

தலைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?"

"எலக்ட்ரீஷியன் மேடம்."

"கோணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுவிட்ச் அறையிலிருந்து தன்னுடைய ஸ்டூலைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டார். அந்த அம்மாள் உட்கார்ந்தார். மற்ற நான்கு பேரும் சுற்றி நின்றார்கள். திசைகாட்டியைக் காட்டினார், நோட்டை எடுத்துக் காட்டினார். முதலில் நாக்கு குழறியது. பாளத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் சரளமாகிவிட்டது. அது அவருடைய ராஜ்யம் அல்லவா! தலைவி நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"சாவி ஒண்ணுதானா?"

"ரெண்டு மேடம். இன்னொண்ணு இயக்குநர்கிட்ட இருந்துச்சு. போன மாசம் தொலைச்சிட்டாரு."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து இயக்குநர் ஆறு மாடிப் படியையும் இறங்கி, மூச்சு வாங்க, கழுத்துப்பட்டை ஒரு பக்கமாகத் திரும்ப, வந்து நின்றார்.

"என்னய்யா இது? யாரக் கேட்டு பூட்டுன? சாவியக் குடு!"

பூட்டண்ணனின் கை சட்டைப் பைக்குப் போனது. ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கிற கையெழுத்து இந்த மனிதருடையது. கை பைமேலேயே நின்றது.

"பதினொரு நிமிஷம் இருக்கு சார். இப்பத் திறந்தா இவங்க மேல போகலாம். ஆனா பாக்குறதுக்கு ரெண்டு வில்லைதான் இருக்கும். முடிஞ்சதும் திறக்கிறேன், அப்புறம் நீங்க என்ன பண்ணினாலும் சரி சார்."

இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் தலைவி ஊன்றுகோலால் தரையை இலேசாகத் தட்டினார். "நாங்க அவர்கிட்ட பேசிட்டிருக்கோம். நீங்களும் கொஞ்சம் நில்லுங்க." பிறகு பூட்டண்ணன் பக்கம் திரும்பினார். "சரி, நீங்க ஒருநாள் லீவு போட்டா என்ன ஆகும்? எல்லாம் கோணிடுமா?"

"ஆகாது மேடம். நான் இல்லாதப்ப சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும், அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அட்டவணை கதவுல இருக்கு. போன மாசம் எனக்குக் காய்ச்சல், நாலு நாள் வரல. அந்த நாலு நாள்ல ஒன்பது வில்லை எழுதுனாங்க. ஒன்பதும் நேரா வந்துச்சு."

தலைவி பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். பதினொன்று பத்துக்கு உள்ளேயிருந்து மணி அடித்தது. பூட்டண்ணன் பூட்டைத் திறந்து, காலி லிஃப்டை மட்டும் மேலே அனுப்பி, திசைகாட்டியைச் சுவரோரம் அந்த அம்மாளின் முன்னால் நீட்டினார். முள் நகர்ந்தது. "அட!" என்றார் தலைவி, சின்னப் பிள்ளையைப் போல. இன்னொரு தரம் அனுப்பச் சொல்லி, இன்னொரு தரமும் பார்த்தார்.

அன்று பிற்பகல் மூன்று வில்லைகளும் திரையில் வந்தன. வரிசை வரிசையாகக் கோடுகள். எந்தப் படம் எந்த வில்லையுடையது என்று மாற்றி வைத்துக் கேட்டால் மாணவிக்கே தெரியாது, அப்படி ஒரே அச்சு. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த பூட்டண்ணனுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. அவர் ஒரு கோடும் போட்டவர் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கோட்டிலும் தன் பங்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஐந்து வருடத்துக்கு நிதி. பேராசிரியை அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு பத்தியை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். இந்த ஆய்வகத்தில் எங்களுக்கு நம்பிக்கை தந்தது இயந்திரம் மட்டுமல்ல. எங்களைப் பதினேழு நிமிடம் காக்கவைத்த ஒழுங்கும்தான். அதைக் கவனிக்கிறவருக்கு இத்திட்டத்தில் நிரந்தரப் பணியிடம் சேர்க்கப்பட வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. பூட்டண்ணன் எழுந்து, "ஏசி ஃபில்டர் மாத்தணும் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, சுவிட்ச் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். வீட்டில் கடிதத்தின் நகலைக் கொடுத்தார். மனைவி கண்ணடிக்கிற டியூப்லைட்டுக்குக் கீழே நின்று அதை இரண்டு தரம் படித்தார். மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வந்துவிட்டார். மனைவி வேலைக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் கால் வைத்தது அதுவே முதல் தடவை. பூட்டண்ணன் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு மூன்றாவது மாடியில் ஏசி வேலையில் இருந்தார். சிவப்பு பல்பு எரிந்தது. வாட்ச்மேன் சங்கடத்தோடு போனில் கேட்டார். "அண்ணே, அண்ணி வந்திருக்காங்க. ஒரு நிமிஷம் திறக்கட்டுமா?"

"இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. உட்காரச் சொல்லு."

மனைவி சுவிட்ச் அறைக்கு வெளியே கிடந்த ஸ்டூலைப் பார்த்தார். "அந்தத் தலைவியம்மா உட்கார்ந்தது இதுலதானே?" என்று கேட்டுவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். டப்பா மடியில் இருந்தது. அந்த நேரம் கூரியர்காரர் ஒருவர் கை நிறையப் பெட்டிகளோடு வந்து, பொத்தானை நான்கு தரம் குத்தினார். எரிச்சலோடு திரும்பி, "யாரும்மா இந்த லிஃப்ட நிறுத்தி வெச்சது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றார் அவர், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "உள்ள எழுதிட்டிருக்காங்க. பெட்டிய இறக்கி வெச்சுட்டு அப்படி உட்காருங்க."