அக்காவின் சிவப்பு டாலியா

எங்கள் அக்கா கொடிகாமத்தில் பிறந்து வெம்பிளியில் கண்மூடியவர். இரண்டுக்கும் நடுவில் அவர் பட்ட பாட்டை, இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். அப்பா இளவயதிலேயே போனபின் என்னை ஆளாக்கியவர் அவர். போர் துரத்தத் துரத்த இடம் மாறி, ஒருவாறு லண்டன் வந்து, குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு விடியமுன் எழுந்துபோய், அகதி விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றவர். பிறகு ஆஸ்பத்திரி லோண்டரியில் காலை ஷிப்ட். பிள்ளைப் பாக்கியம் இல்லை. அதைப்பற்றி யாராவது இரக்கப்பட்டுக் கதைத்தால், "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்று வாயை அடைத்துவிடுவார்.

வீடு வாங்கிய வருடம் அத்தான் பின்வளவில் ஒரு சிவப்பு டாலியா நட்டார். அடுத்த கோடையில் அது பூத்தபோது அத்தான் இல்லை. மாரடைப்பு. நான் அக்காவுக்குத் துணையாக அந்த வீட்டுக்கு வந்தேன். அக்காவோ அந்தச் செடியின் கிழங்கைச் சாகவிடுவதில்லை என்று பிடிவாதமாக நின்றார். டாலியாவுக்கு இந்த நாட்டுக் குளிர் ஒத்துவராது. மண்ணிலேயே விட்டால் உறைந்து அழுகிவிடும். ஆகவே முதல் உறைபனியில் இலை கறுத்ததும் தண்டை வெட்டி, கிழங்கை நோகாமல் கிண்டி எடுத்து, தண்டில் தங்கிய தண்ணீர் வடியத் தலைகீழாக வைப்பார். காய்ந்ததும் தமிழ்க்கடையில் கேட்டு வாங்கிய வாழைப்பழப் பெட்டிக்குள் பேப்பர் விரித்து, உலர்ந்த மணல் போட்டு மூடுவார். குளிர் போனதும் திரும்ப நடுவார். வீட்டுக்குள் வைத்தால் ஹீற்றர் சூட்டில் சுருங்கும். வெளியே வைத்தால் உறையும். முன்வாசலில் இருக்கும் கண்ணாடிப் போர்ச்தான் அதற்குச் சரியான இடம்.

"எனக்குக் காய்ச்சல் வந்தாலும் இப்பிடிப் பாப்பியளோ அக்கா?" என்று பகிடி பண்ணுவேன்.

"நீ கத்திக் கேப்பாய். அது வாய் திறக்காது" என்பார்.

போன வருடம் இலை கறுக்கும் காலத்தில் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தார். டொக்டர்மார் கைவிரித்துவிட்டார்கள். அவருக்கோ வேறு கவலை.

"தம்பி, பனி விழுந்திட்டுதோ?"

"ஓம் அக்கா. இலை கறுத்துப்போச்சு."

"அப்ப கிண்டு. கிட்டக் குத்தாதை, கிழங்கு வெட்டுப்படும்."

கிண்டினேன். ஒரு கிழங்கும் வெட்டுப்படவில்லை. காயவைத்து, பெட்டியில் அடுக்கி, போனில் படம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"போர்ச்சிலைதானே வைச்சனி?"

"ஓம் அக்கா."

"அப்ப சரி. இனிப் பயமில்லை."

அதற்குப் பிறகு அவர் என்னோடு தெளிவாகப் பேசவில்லை. அந்தக் கிழமையே போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். தினமும் மாலையில் தேவாரம் பாடும்போது முன்னறையில் கால்வைக்க இடம் இருக்காது. போர்ச் முழுக்கச் செருப்பும் சப்பாத்தும். அந்தக் குவியலுக்கு அடியில் பெட்டி பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் நான் போய்வந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வீடு கழுவும்போது பெட்டியைப் பின்வளவில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கண்டேன். பேப்பர் ஊறிப்போய், மணல் கட்டிபட்டுக் கிடந்தது. கிழங்கைத் தூக்கினேன். விரலுக்குள் நசிந்து தண்ணீராக வடிந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். முளைவரக்கூடிய ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

"நான்தான் தம்பி வைச்சனான்" என்றார், செத்தவீட்டு அலுவல்களைப் பார்த்த சித்தப்பா. "சனம் செருப்புக் கழட்ட இடமில்லாமல் மழைக்குள்ளை நிண்டதுகள். ஏதோ பழைய பெட்டியெண்டு நினைச்சிட்டன்."

அந்த வயதான மனிதர் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது" என்றவரும் அவர்தான். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. கோபிக்க ஒருவர் இருந்திருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

காலம் ஆற்றும் என்றார்கள். ஆற்றவில்லை. அதே சிவப்பில் கடையில் வாங்கலாம் என்றார்கள். வாங்கலாம்தான். அத்தான் நட்டதை, அக்கா இத்தனை குளிருக்குள்ளும் காப்பாற்றியதை எந்தக் கடையில் வாங்குவது? கோடை முழுவதும் அந்த இடத்தில் புல்தான் வளர்ந்தது. பிடுங்கவும் மனம் வரவில்லை. இனிப் பயமில்லை என்று என்னை நம்பி அக்கா கண்மூடினாரே, அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

அக்காவைக் கடைசிவரை பார்த்த தாதியருக்கும், அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், எல்லா அலுவலுக்கும் ஓடித்திரிந்த சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. மழையென்றும் குளிரென்றும் பாராமல் வந்து, எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எங்களோடு இருந்து அழுத உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. இப்போது அவரவர்க்கு அவரவர் பாடு, குறையாகச் சொல்லவில்லை. இந்த வருடமும் பனி விழத் தொடங்கிவிட்டது. போர்ச்சில் ஒரு சோடி செருப்புத்தான் கிடக்கிறது, என்னுடையது. பெட்டி வைக்க நிறைய இடம் இருக்கிறது.

பிரிவால் வாடும்
தம்பி